எதிரொலி என்றால் தமிழனுக்கு விளங்காதா?

வாரக்கணக்கில் காய்ச்சல் விடவில்லை. நோயாளியின் நெஞ்சாங்குலையில் முன்பே செயற்கைத் தடுக்கிதழ் பொருத்தப்பட்டுள்ளது. "எக்கோ எடுங்கள்" என்கிறார் மருத்துவர். நோயாளி பணம் கட்டுகிறார்; படுக்கிறார்; எழுகிறார். எதைத் தேடினர், ஏன் தேடினர் என்பதை அவரிடம் எவரும் சொல்வதில்லை. தமிழ் மண்ணில், தமிழ் மருத்துவரிடம், தமிழ் நோயாளிக்கு நேரும் இழிவு இது!

'எக்கோ' என்பது பிறப்பால் ஆங்கிலச் சொல்லே அன்று, கிரேக்கச் சொல். பொருளோ எதிரொலி. செவிக்கெட்டா ஒலியை மார்பினுள் செலுத்தி, மீளும் எதிரொலியால் நெஞ்சாங்குலையின் அசைவைப் படமாக்குவதே இம்முறை. 1953இல் சுவீடன் நாட்டு இலண்டு நகரில், எட்லர் என்னும் மருத்துவரும் எர்ட்சு என்னும் இயற்பியலறிஞரும் இதனைத் தொடங்கினர். இரும்பின் உட்பழுதைக் கண்டறியும் கருவியே அவர்களுக்குக் கைகொடுத்தது. 'எதிரொலிப் படம்' என்றால் எழுத்தறியா மூதாட்டிக்கும் பாதி விளங்கிவிடும்.

விளங்குவதால் என்ன பயன்? உயிரே பயன்! தடுக்கிதழில் பூஞ்சை பற்றுவது அரிது; பற்றினால் மருத்துவம் செய்தும் பலர் மடிகின்றனர். அசுபெர்கில்லசு என்னும் பூஞ்சை, குருதியை வளர்த்துப் பார்க்கும் ஆய்வில் பெரும்பாலும் அகப்படாது. அந்நிலையில் இதழில் ஒட்டி ஆடும் திரளை எதிரொலியே காட்டிக்கொடுக்கும். அத்திரள் உடைந்தால் மூளைக்கோ காலுக்கோ செல்லும் குருதிக்குழாயை அடைத்துவிடும். அது பூஞ்சைதானா என்பதைப் படம் மட்டும் அறுதியிடாது. குருதியாய்வும், அறுவையில் எடுத்த திரளின் ஆய்வுமே உறுதி செய்யும். மேலும், மார்பின் மேலிருந்து எடுக்கும் படத்தில் செயற்கையிதழின் நிழல் திரளை மறைக்கக்கூடும். ஆகவே உணவுக்குழலுள் கருவியை இறக்கி அண்மையிலிருந்து நோக்க வேண்டும். ஐயம் தீராவிடில் சில நாள் கழித்து மீண்டும் நோக்க வேண்டும்.

இத்தனையையும் தமிழில் எடுத்துரைத்தால், முதற்படத்தில் ஒன்றும் தென்படவில்லை என்றதும் நோயாளி வீடு திரும்பமாட்டார்; கருவியை விழுங்க மறுக்கமாட்டார். சொல்லாமல் விட்டால் அவர் அறியாமையால் விலகுவார். அப்பழி யாரைச் சாரும்?

"மருத்துவத்திற்குத் தமிழில் சொல் இல்லை" என்பார் உளர். 19ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்கரான கிரீன் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். அயலாருக்குக் கைவந்த தமிழ், தமிழ் மருத்துவருக்கு வாராதா? இல்லாதது சொல்லன்று; மனமே!

ஆய்வறைக் கதவில் 'நெஞ்சாங்குலை எதிரொலிப் படம்' என்று எழுதட்டும். ஆய்வுமுடிவைத் தமிழில் தரட்டும். தன் நோயைத் தன் மொழியில் அறிவது நோயாளியின் உரிமை. அறிவிப்பது மருத்துவரின் கடன்.