பெயரிழந்த மரம் நிழலிழக்கும்

தமிழக நகரத் தெருக்கள் பலவற்றிலும் நின்று நிழல் தரும் மரம் புங்கு. நாள்தோறும் அதனடியில் பேருந்துக்குக் காத்து நிற்போருள் அதன் பெயரைச் சொல்ல வல்லார் எத்துணைப் பேர்? அதன் நிழலிலேயே வளர்ந்த இளைஞனும் ‘ட்ரீ’ என்று சுட்டிவிட்டுப் போகின்றான்!

கழக இலக்கியத்தில் ‘புன்கு’ என வழங்குவது இம் மரமே. மணல்மேல் உதிர்ந்து கிடக்கும் இதன் பூக்களைப் பொரிக்கு ஒப்பிட்டனர் நம் புலவர். ஒல்லாந்தராகிய வான் ரீடு தொகுக்க, 1678 முதல் 1693 வரை ஆம்சுடர்டாமில் 12 மடலங்களாக வெளிவந்த மலபார்ப் பயிர்நூலும் இதனைப் ‘பொங்கம்’ என்றே பதிந்தது. பயிர்நூலார் பின்னர் இட்ட ‘பொங்காமியா’ என்னும் இலத்தீனப் பெயரும் அச் சொல்லினின்று பிறந்ததே. உலகம் நம் மண்ணினின்று கடன்கொண்ட பெயரை நாம் மறந்து நிற்பது நாணத்தக்கது.

இதனை அடையாளங் காண்பது எளிது. ஒரு காம்பில் ஐந்து அல்லது ஏழு சிற்றிலைகள். அவை இணையிணையாக நிற்க, நுனியில் ஒன்று தனித்திருக்கும். பூ, வெண்மையும் மெல்லூதாவும் கலந்தது. காய், தட்டையாய்த் தடித்து, நுனி சற்றே வளைந்து, பெரும்பாலும் ஒரே விதை உடையது. முற்றினும் தானே வெடியாது.

புங்கு இலையுதிர் மரம். கும்பம், மீனம் ஆகிய திங்கள்களில் (மாசி, பங்குனியில்) இலையுதிர்த்துச் சின்னாள் வெறுங்கொம்பாய் நிற்கும். பின்னர்ப் பளபளக்கும் தளிர் போர்த்துக் கடுங்கோடைக்குள் அடர்நிழல் விரிக்கும். இவ்வியல்பு அறியாதார் பட்டமரம் என்று கோடரி எடுப்பர். குப்பை கொட்டும் மரம் என்று கிளை கழிப்பர். கோடைக்கு முன் வெட்டுண்ட மரம் கோடையில் எங்ஙனம் நிழல் தரும்?

சருகைக் கூட்டுவார் யார் என்று கேட்போர் உளர். நம் உழவர் புங்கந்தழையை நெல்வயலில் மிதித்து உரமாக்கினர். இதன் வேர்முண்டுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றினின்று தழையூட்டத்தை ஈர்த்துத் தருகின்றன. ஆதலின் சருகும் வளமுடையது. அதனைத் தெருவில் எரிப்பது உரத்தைப் புகையாக்குவதன்றி வேறென்ன? மேலும், நிழலாலும் இலைவழி வெளியேறும் நீராவியாலும் கல்லும் காரையும் உமிழும் வெம்மையைத் தணிப்பது இம் மரம். உவர்நிலத்தையும் தாங்கி வளர்தலின் கடற்கரை நகர்களுக்குப் பெரிதும் ஏற்றது.

ஆகவே நகராட்சிகள் மூன்று செய்தல் வேண்டும். மரத்தில் ஆணி அறையாது, அருகே தமிழ்ப் பெயர்ப்பலகை நடுக. அடிமரத்தை நெரிக்கும் சிமிட்டிக் காரையை அகற்றி, நீர் புக மண்விடுக. இலையுதிர்ந்த மரத்தை, தளிர்க்கும் காலம் வரை பொறுத்து ஆய்ந்தன்றி வெட்ட இசையற்க. பள்ளிகளோ, பிள்ளைகளை ஏட்டினின்று எழுப்பி மரத்தடிக்கு அழைத்துச் செல்க.

‘புங்கு’ என்று பெயர்சொல்லி அழைக்கத் தெரிந்த தெருவில் அம் மரத்தின்மேல் கோடரி எளிதில் விழாது. பெயரைக் காப்போம், நிழல் நம்மைக் காக்கும்!