ஒன்பதாண்டுத் தவணை

பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் நண்பகலில் ஒரு சிறு காரை நிறுத்தவே இடம் கிடைப்பதில்லை. அத்தெருவுக்குச் சென்றுவர இரண்டு டன் எடையுள்ள சொகுசு வண்டி வாங்குவோரை என்னென்பது!

சேற்றுவழிகளுக்கென உருவான வண்டியினம் அது. கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே கூட்டரசு நெடுஞ்சாலையில் சேறு ஏது? வெள்ளத்தில் உதவும் என்பர் சிலர். 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் எல்லா வகை வண்டிகளும் மூழ்கின. மக்கள் படகுகளில் மீட்கப்பட்டனர்.

பாதுகாப்புமிக்க வண்டிகள் இவ்வினத்தில் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் வாங்குவோர் ஆராய்வது அதனையா? முன்முகப்புச் சின்னத்தையன்றோ! பின்னிருக்கையில் பாட்டி ஏறி அமர முடியுமா, நான்கு டயர்களின் விலை என்ன, ஐந்தாண்டுக்குப் பின் எவ்வளவுக்கு விலைபோகும் என்று வினவுவோர் மிகச் சிலரே.

கடன் கணக்கோ இன்னும் கொடிது. வாடகைக் கொள்முதலில் நெடுங்காலம் வழங்கிய நிலைவட்டி முறையில், கடன் குறைந்தாலும் வட்டி முழுத்தொகைக்கே கணக்கிடப்படும். 3 இலட்சம் வெள்ளிக்கு ஆண்டுக்கு 3 விழுக்காடு எனக் கொண்டால், 9 ஆண்டுகளில் வட்டி மட்டும் 81,000 வெள்ளி. மாதத் தவணை ஏறத்தாழ 3,528 வெள்ளி. உண்மை வட்டியோ 5.5 விழுக்காட்டை எட்டும். ஐந்தாம் வகுப்பு மாணவனும் போடக்கூடிய இப்பெருக்கலைப் பட்டம் பெற்றோர் போடுவதில்லை.

வண்டி வாங்கிய ஆண்டில் முதலாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை, மூன்றாம் படிவத்தை முடிக்கையில்தான் கடைசித் தவணை தீரும். அதற்குள் அப்பிள்ளையின் மேற்கல்விக்கு ஒரு வெள்ளியேனும் சேர்ந்திருக்குமா?