கோப்பைச் சுருக்குவது கணினியின் வேலை. கணக்குக் கேட்பது நம் வேலை

ஏட்டுச்சுவடிகளைக் கரையானும் நெருப்பும் அழித்தன என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். உரிய காலத்தில் படியெடுக்க ஆளில்லாமற் போனதும் அழிவுதான். ஓலைக்கு ஓர் ஆயுள் உண்டு. அது முடியுமுன் புதிய ஓலையில் எழுதிவைத்தவர்கள் இருந்த இடத்தில் நூல் பிழைத்தது. இல்லாத இடத்தில் ஆடிப்பெருக்கன்று ஆற்றோடு போயிற்று. அந்த வழக்கத்தை உ.வே.சாமிநாதையர் வருந்தி எழுதியிருக்கிறார். கணினிக் கோப்புக்கும் விதி இதுவே. ஒரு வேறுபாடு உண்டு: படியெடுக்கும் கடமையை இன்று கணினியிடமே ஒப்படைக்கலாம். ஒப்படைக்கத்தான் வேண்டும் என்பது என் கருத்து.

ஜவ்வாது மலையில் மலையாளிப் பழங்குடியினரின் தாலாட்டுகளையும் ஒப்பாரிகளையும் எங்கள் மாணவர்கள் சில ஆண்டுகளாகத் தொகுத்து வருகின்றனர். பாடியவர், ஊர், நாள், பாடல் என அனைத்தும் ஒரே ஆக்சஸ் கோப்பில் உள்ளன. பாடிய மூதாட்டியருள் சிலர் இன்று இல்லை. அவர்கள் பாடியதற்கு அந்தக் கோப்பின் ஒரு வரிசையே எஞ்சிய சான்று. 'எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றிவிடலாமே' என்பார் உளர். இணைப்பு எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாத மலையூர்களில் மேசைக்கணினிக் கோப்புதான் இன்னும் சில காலம் கைகொடுக்கும்.

அக்கோப்புக்குப் பராமரிப்பு எதற்கு? ஆக்சஸில் ஒரு பதிவை நீக்கினால் அது பிடித்திருந்த இடம் உடனே குறைவதில்லை. திருத்தத் திருத்தக் கோப்பு பருக்கிறது, வேகம் குறைகிறது, 2 கிகாபைட் என்ற வரம்பைத் தொட்டால் மேற்கொண்டு எழுத இயலாது. பழைய ஃபாக்ஸ்புரோவிலும் இதே கதைதான்: நீக்கிய பதிவு 'பேக்' கட்டளை தரும்வரை கோப்பிலேயே கிடக்கும். 'காம்பாக்ட் அண்ட் ரிப்பேர்' என்னும் பணி, உயிருள்ள பதிவுகளை மட்டும் புதிய கோப்பில் வரிசையாக எழுதி, சுட்டுவரிசைகளையும் புதுப்பிக்கிறது. ஒருவகையில் இதுவும் படியெடுப்பே.

இதே மலையில் உள்ள காவலூர் வானாய்வகத்தை நினைத்துக்கொள்ளலாம். 1986-இல் பயன்பாட்டுக்கு வந்த 2.34 மீட்டர் தொலைநோக்கியின் ஆடிமீது மெல்லிய அலுமினியப் பூச்சு உண்டு. அது நாளடைவில் மங்கும். மங்குவது பழுதன்று, இயல்பு. ஆகவே பழைய பூச்சை நீக்கிப் புதுப்பூச்சு ஏற்றுவது அங்கே வழக்கமான பணி. கோப்பு பருப்பதும் அவ்வாறே இயல்பு. இயல்பாக நேர்வதற்கு மனிதனின் நினைவாற்றலை நம்பியிருத்தல் தகாது. தேர்வுத்தாள் திருத்தும் மாதத்தில் எந்த ஆசிரியருக்குக் கோப்பைச் சுருக்கும் நினைவு வரும்?

வழி எளியது. விண்டோஸின் 'டாஸ்க் ஷெட்யூலர்' குறித்த நேரத்தில் ஒரு சிறு கட்டளைக்கோப்பை இயக்கும். அது வரிசையாகச் செய்ய வேண்டியவை நான்கு. கோப்பை வேறெவரும் திறந்திருக்கவில்லை என்று பார்த்தல். நாளைப் பெயரில் சேர்த்து ஒரு படி எடுத்தல். வேறு பெயரில் சுருக்கி எழுதுதல். இரண்டிலும் பதிவுகளின் எண்ணிக்கை ஒத்திருந்தால் மட்டும் புதியதைப் பழையதன் இடத்தில் வைத்தல். ஆக்சஸிலேயே உள்ள 'மூடும்போது சுருக்கு' என்ற வசதி முன்படி எடுத்துவைப்பதில்லை. மின்தடை மிகுந்த ஊருக்கு அது ஏற்றதன்று. நேரத்தையும் நம் வழக்கம் அறிந்து குறிக்க வேண்டும். மாலையில் மின்விசையை நிறுத்திப் பூட்டிவிட்டுப் போகும் அலுவலகத்தில் நள்ளிரவு இரண்டு மணி என்று குறித்துப் பயனில்லை. மதிய உணவு வேளையே நன்று. தவறிய பணியைக் கணினி இயங்கியவுடன் செய்க என்ற விருப்பத்தேர்வும் அதில் உண்டு.

இவ்வளவையும் ஆதரிக்கும் நான் ஒன்றை அஞ்சுகிறேன். சீரமைப்பு எல்லா வேளையும் காப்பாற்றுவதில்லை. சிதைந்த பதிவை மீட்க இயலாதபோது அதை விட்டுவிட்டு மேலே செல்வதும் உண்டு. அப்போது கோப்பு நலமாகத் திறக்கும். ஒரு பாடல் மட்டும் இராது. நாள்தோறும் ஒரே படியின்மேல் எழுதிக்கொண்டிருந்தால் நேற்றைய நல்ல படியும் இன்றைய சிதைவால் மூடப்படும். மறதி நம் குறை. கேள்வியின்றிச் செய்வது கணினியின் குறை. பின்னது முன்னதினும் கொடிது. ஏனெனில் அது ஒழுங்காக நடக்கிறது. ஆகவே ஏழு நாட்களின் படிகளும், மாதத்திற்கு ஒன்றாகப் பன்னிரண்டு படிகளும் தனித்தனியே இருக்கட்டும். அவற்றுள் ஒரு தொகுதி வேறொரு வட்டில், வேறொரு வீட்டில் இருக்கட்டும்.

படியெடுத்தவன் எழுதியதை மூலத்தோடு ஒப்புநோக்குவது நம் மரபு. அந்த வேலையைக் கட்டளைக்கோப்பிடம் விட முடியாது. எண்ணிக்கை ஒத்திருக்கிறதென்று அது சொல்லும். பாடல் பாடலாகவே இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. திங்களுக்கு ஒருமுறை பழைய படியொன்றைத் திறந்து, ஏதேனும் ஒரு தாலாட்டை முழுமையாகப் படித்துப் பாருங்கள். அரைமணி நேரம்கூட ஆகாது. தொகுப்புகளைக் கணினியில் வைத்திருக்கும் நண்பர்கள் இந்த ஒன்றையேனும் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டுகிறேன்.