கடதாசியில் மட்டும் கிராமமா?

மாலை ஐந்து மணிக்கு வாழைச்சேனைக் கடைத்தெருவில் வீதியைக் கடக்கக் காத்து நிற்பவர் எவரும் தாம் ஒரு கிராமத்தில் நிற்பதாக எண்ணமாட்டார். பஸ்ஸும் லொறியும் முச்சக்கர வண்டியும் ஒன்றையொன்று நெரிக்கும். ஆயினும் அரசாங்கத்தின் கணக்கில் அவர் நிற்பது கிராமத்திலேதான்.

இதற்குக் காரணம் சபையின் பெயர். எமது நாட்டின் குடிசன மதிப்பீட்டில் மாநகர சபைக்கும் நகர சபைக்கும் உட்பட்ட இடங்களே நகரம் எனப்படுகின்றன. பெருந்தோட்டங்கள் தனிப் பிரிவு. எஞ்சியவை யாவும் கிராமம். வாழைச்சேனை கோறளைப்பற்றுப் பிரதேச சபையின் கீழ் உள்ளது, ஆகவே கிராமம். கொழும்பின் வாசலில் இருக்கும் களனியும் ஹோமாகமவும் கூட 2012 கணக்கில் பிரதேச சபைப் பகுதிகள் என்பதால் கிராமங்களாகவே எண்ணப்பட்டன.

இதனால் விளைந்த வேடிக்கையைப் பாருங்கள். 1981 இல் நாட்டு மக்களில் 21.5 வீதத்தினர் நகரவாசிகள். 2012 இல் அது 18.2 வீதம். முப்பத்தொரு வருடங்களில் மக்கள் நகரத்தை விட்டு வயலுக்குத் திரும்பிவிட்டார்களா? இல்லை. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் பின் பழைய பட்டின சபைப் பகுதிகள் பிரதேச சபைகளுக்குள் சேர்க்கப்பட்டன. ஒரு வீடும் அசையாமலே பல பட்டினங்கள் கிராமங்களாயின.

எமது மாவட்டத்தின் கதை இன்னும் சிக்கலானது. 1981 இல் சுமார் 3 இலட்சத்து 30 ஆயிரமாக இருந்த மட்டக்களப்பு மாவட்ட சனத்தொகை 2012 இல் 5 இலட்சத்து 26 ஆயிரத்தைத் தொட்டது. இடையில் 1991 இல் யுத்தத்தால் கணக்கெடுப்பே நடக்கவில்லை. 2001 இல் நடந்தது இங்கே முழுமை பெறவில்லை. சனங்கள் அதிகம் இடம்பெயர்ந்த காலமே எண்ணப்படாத காலமாயிற்று. உட்கிராமங்களை விட்டு வந்தோர், 2004 கடற்கோளில் வீடிழந்தோர், 2006 இறுதியில் வாகரையிலிருந்து வந்தோர் எனப் பலர் இப்பக்கம் ஒதுங்கினர். சிலர் திரும்பினர், சிலர் உறவினரின் வளவைப் பங்கிட்டுக்கொண்டு தங்கிவிட்டனர்.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். கிணற்றில் இருக்கிறது. கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையே 50 அடியாவது வேண்டும் என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். பத்துப் பேர்ச் வளவு சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 52 அடிதான். எமது குழியை எமது கிணற்றிலிருந்து தள்ளி ஒரு மூலையில் வெட்டினால், அது அயல் வீட்டுக் கிணற்றை நெருங்கிவிடும். எமது மண்ணோ மணல், நீரும் ஆழத்தில் இல்லை. வீடுகள் தூரத் தூர இருந்த நாளில் கிணறும் குழியும் போதுமாக இருந்தன. வீடுகள் நெருங்கிய பின்னர் குழாய் நீர், கழிவகற்றல், வடிகால் ஆகியவை வேண்டும். ஆனால் கிராமம் என்று எழுதப்பட்ட இடத்திற்குக் கிராமத்திற்கான திட்டமே வரும்.

சுவீடனில் வேறு முறை உண்டு. அங்கே 1749 முதலே பங்குக் குருமார் வைத்திருந்த பதிவேடுகளிலிருந்து அரசு சனத்தொகையைத் திரட்டி வந்தது. இன்று அந்நாட்டில் ஓர் இடம் நகர்ப்புறமா என்பதைச் சபையின் பெயரைக் கொண்டு தீர்ப்பதில்லை. வீடுகளுக்கிடையே பொதுவாக 200 மீற்றருக்கு மேல் இடைவெளியின்றி 200 பேராவது வாழ்ந்தால் அது நகர்ப்புறக் குடியிருப்பு. அந்த 200 என்ற எண்ணை இங்கே கொண்டுவந்தால் படுவான்கரையின் கடைக்கோடிக் கிராமமும் நகரமாகிவிடும், அது எமக்கு ஒவ்வாது. எடுத்துக்கொள்ள வேண்டியது முறையைத்தான். வீடுகள் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்று பார்ப்பது.

இதில் எமக்கு ஒரு நன்மையும் உண்டு. வாழைச்சேனையும் ஓட்டமாவடியும் வீட்டோடு வீடாய்த் தொடுத்திருந்தும் இரு சபைகளின் கீழ் உள்ளன. எல்லை என்ற சொல்லை எடுத்தாலே இங்கே தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் மனக்கசப்பு வரும். நகர சபை கேட்டால் வரி கூடும் என்ற அச்சமும் உண்டு, அது நியாயமானதே. கணக்கெடுப்பின் வரைவிலக்கணத்தை மாற்றுவதற்கோ எந்தச் சபையின் எல்லையையும் தொட வேண்டியதில்லை.

திணைக்களம் மாற்றும் வரை நாம் காத்திருக்கவும் வேண்டாம். 2012 மதிப்பீட்டின் தொகைகள் கிராம சேவகர் பிரிவு வாரியாகவே உள்ளன. 2024 மதிப்பீட்டின் தொகையையும் அவ்வாறே கேட்டுப் பெறுவோம். கிராம அபிவிருத்திச் சங்கத்தின் இளைஞர்கள் ஓர் அளவுநாடாவுடன் வளவு வளவாகச் சென்றால், 50 அடிக்குள் குழியுள்ள கிணறுகள் எத்தனை என்பதை இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் எண்ணிவிடலாம். அந்த எண்ணை எழுதிக்கொண்டு பிரதேச சபைக்குப் போவோம்.