புகை படிந்த செங்கல்லுக்கு யார் அழுவது?

2013 இறுதியில், பூஜாங் பள்ளத்தாக்கில் 11ஆம் எண் சண்டியின் செங்கல் தளத்தை வீடமைப்புக்காக இடித்துத் தள்ளிய செய்தி வெளிவந்தபோது நாம் எல்லாரும் கொதித்தோம். சரியான கோபம்தான். நானும் கொதித்தேன்.

சில ஆண்டுகள் கழித்து, பீடோங் பக்கம் நான் பிறந்த தோட்டத்தில் ரப்பர் ஷீட் உலர்த்திய பழைய செங்கல் புகைக்கொட்டகையை இடித்தார்கள். ஒருவரும் வரவில்லை. மேடைதோறும் கடாரப் பெருமை பேசும் ஒருவரிடம் போய்ச் சொன்னேன். "அது என்னா கோயிலா தம்பி? வெறும் பொகை போடுற கொட்டாய்தானே" என்றார்.

அந்த 'வெறும்' என்ற சொல்லோடுதான் என் சண்டை.

பாலில் அமிலம் சேர்த்து உறையவைத்து, உருளையில் வரிவரியாக அழுத்தி, நீர் வடிந்த ஷீட்டுகளைக் கழிகளில் தொங்கவிடுவார்கள். ரப்பர் விறகின் புகையில் அவை நாள்கணக்கில் காயும். சூடு 60 டிகிரிக்கு மேல் போனால் ஷீட்டில் கொப்புளம். ஈரம் தங்கினால் பூஞ்சணம். என் தாத்தாவிடம் வெப்பமானி இல்லை. கதவைத் திறந்ததும் முகத்தில் அறையும் அனலை வைத்தே விறகைக் கூட்டுவதா இழுப்பதா என்று முடிவு செய்வார். ராத்திரியிலும் எழுந்து போவார். அந்தப் புகை அவர் நெஞ்சிலும் தங்கியது. இது வெறும் கொட்டாயா?

நம்மை ஒருவன் 'பெண்டாத்தாங்' என்றால் உடனே 1025இல் வந்த ராஜேந்திரனைக் காட்டுகிறோம். படையெடுத்து வந்தவனைக் காட்டி எப்படி உரிமை கேட்பது? காட்டவேண்டியது, காடழித்துப் பால்மரம் நட்டு, சீவி, உலர்த்திய கைகளை. அந்தக் கைகளின் சாட்சி கல்வெட்டில் இல்லை. கரி படிந்த சுவரில்தான் இருக்கிறது.

"அடிமைக் காலத்துச் சின்னம், போகட்டுமே" என்பவர்களும் உண்டு. துரை பங்களாவைப் புதுப்பித்தால் மட்டும் அது பாரம்பரியமா?

கட்டி ரப்பரும் செம்பனையும் வந்தபின் புகைக்கொட்டகைகள் ஓய்ந்தன. அன்று விறகாக எரிந்த ரப்பர் மரத்தை இன்று நவீன உலைகளில் உலர்த்தி, மேசை நாற்காலியாக்கி ஏற்றுமதி செய்கிறார்கள். விறகுக்கே மதிப்பு வந்துவிட்டது. விறகு தள்ளியவருக்கு இன்னும் வரவில்லை.

மிஞ்சியிருப்பவற்றையாவது அளந்து, படமெடுத்து, அங்கே வேலை செய்த பெரியவர்களின் குரலைப் பதிந்து வைப்போம். ஒன்றையாவது நிற்கவைப்போம். அதைக்கூடச் செய்யாமல் இனி மேடையில் கடாரம் என்று முழங்காதீர்கள். காது கூசுகிறது.