கடுகு கேட்டுப் போன தாய்



கதையைக் கேட்பது வேறு, கதையைப் படிப்பது வேறு. கேட்கும்போது நாம் கதைக்குள்ளே இருக்கின்றோம். பாடமாகப் படிக்கத் தொடங்கியதும் வெளியே வந்து நின்று, இது எப்படிக் கட்டப்பட்டிருக்கின்றது, எந்த இடத்தில் நமது மனம் இளகுகின்றது, ஏன் இளகுகின்றது என்றெல்லாம் பார்க்க வேண்டியிருக்கின்றது. தமிழைச் சிறப்புப் பாடமாகப் படிக்கும் எனக்கு இப்போது இந்த இரண்டாவது வேலைதான் அதிகம். ஆயினும் வகுப்பிலே நான் படித்த ஒரு கதையைப் பற்றி, வகுப்புக்கு வெளியே ஒரு தாய் சொன்ன ஒரு வார்த்தை என்னைப் பல நாட்களாக விடாமல் பிடித்து வைத்திருக்கின்றது. அதனை இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ளலாம் என எண்ணினேன்.

கதை உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான். கிசா கோதமி என்றொரு பெண். கிசா என்றால் பாளி மொழியில் மெலிந்தவள் என்று பொருள். சாவத்தி நகரத்தில் வாழ்க்கைப்பட்ட ஏழைப் பெண். புகுந்த வீட்டில் அவளை ஒருவரும் மதிக்கவில்லை. ஒரு ஆண் குழந்தை பிறந்த பிறகுதான் அவளுக்கு அந்த வீட்டிலே மரியாதை கிடைத்தது. அந்தப் பிள்ளை ஓடி விளையாடும் பருவத்தில் இறந்துபோனது. அவள் அதனை ஒத்துக்கொள்ளவில்லை. உடலைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக மருந்து கேட்டு அலைந்தாள். பைத்தியம் என்று ஊர் சிரித்தது. யாரோ ஒருவர் இரக்கப்பட்டு புத்தரிடம் போகச் சொன்னார். புத்தர், மருந்து இருக்கின்றது, கொஞ்சம் கடுகு கொண்டு வா, ஆனால் சாவு விழாத வீட்டிலிருந்து கொண்டு வர வேண்டும் என்றார். அவளும் போனாள். கடுகு எல்லா வீட்டிலும் இருந்தது. சாவு விழாத வீடுதான் இருக்கவில்லை. பிள்ளையைச் சுடுகாட்டிலே விட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். பின்னர் பிக்குணியானாள்.

பௌத்த பிக்குணிகள் பாடிய பாடல்களின் தொகுப்பான தேரிகாதையில் இவள் பெயரிலும் பாடல்கள் இருக்கின்றன. நான் மேலே சொன்ன கதை அந்தப் பாடல்களுக்கும் தம்மபதத்திற்கும் பிற்காலத்தில் எழுதப்பட்ட உரைகளிலே வருகின்றது. பாளித் திரிபிடகம் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பட்டது எமது தீவிலே, மாத்தளை அலுவிகாரையில், கி.மு. முதலாம் நூற்றாண்டில் என்று சொல்லப்படுகின்றது. தம்மபதக் கதைகள் 13ஆம் நூற்றாண்டில் சத்தர்ம ரத்னாவலிய என்ற நூலாகச் சிங்களத்திலும் வந்தன. ஆகவே இது எங்கோ தொலைவில் உள்ள கதை அல்ல. அயல் வீட்டுக் கதை.

இந்தக் கதை எப்படி வேலை செய்கின்றது? என்னைக் கேட்டால், அதன் சூட்சுமம் முழுவதும் கடுகிலே இருக்கின்றது. புத்தர் பொன்னையோ அரிய மூலிகையையோ கேட்டிருந்தால் கதை அப்போதே முடிந்திருக்கும். அவர் கேட்டது எந்த ஏழை வீட்டு அடுப்படியிலும் கிடைக்கின்ற பொருள். அதனால் அவளுக்கு நம்பிக்கை வருகின்றது, கால்கள் நடக்கின்றன. கேட்டுக்கொண்டிருக்கும் நமக்கோ முதலாவது வாசலிலேயே முடிவு தெரிந்துவிடுகின்றது. அவளுக்குத் தெரியவில்லை. நமக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியாமல் இருக்கின்ற அந்த இடைவெளியிலேதான் நமது மனம் இளகுகின்றது. இன்னொன்றும் உண்டு. புத்தர் இந்தக் கதையில் அவளுக்கு முதலில் எந்த உபதேசமும் செய்யவில்லை. அவளை நடக்க வைக்கின்றார், அவ்வளவுதான். சொல்ல வேண்டியதை ஊரிலுள்ள பெண்கள் சொல்கின்றார்கள். கடுகை எடுத்து நீட்டிய கையோடு, எங்கள் வீட்டிலும் மகன் போனான், மாமி போனா, புருஷன் போனார் என்று ஒவ்வொருத்தியும் தன் வீட்டுச் சாவைச் சொல்கின்றாள். பழைய உரை ஒன்றிலே மூன்றாவது வீட்டோடு அவளுக்கு விளங்கிவிடுகின்றது. வாய்மொழியாகச் சொல்பவர்கள் ஊர் முழுவதும் அலைய விடுகின்றார்கள். எனக்கு வாய்மொழிதான் பிடித்தமானது. மூன்று வீட்டோடு ஒரு தாயின் மனம் அடங்கிவிடும் என்று நான் நம்பவில்லை.

இதே கதைக்குத் தமிழிலும் ஒரு சகோதரி இருக்கின்றாள். மணிமேகலையிலே சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையில் அவள் வருகின்றாள். அவளுடைய பெயரும் கோதமைதான். கண்பார்வை அற்றவள். அவளது மகன் சார்ங்கலன் இரவிலே தனியாகச் சுடுகாட்டுப் பக்கம் போய், அங்கே பேய் ஒன்று ஆடுவதைக் கண்டு அஞ்சி இறந்துபோகின்றான். தாய் அவனது உடலைத் தழுவிக்கொண்டு, காவல் தெய்வமாகிய சம்பாபதியிடம் நியாயம் கேட்கின்றாள். நீ காவல் காக்கும் ஊரில் இது எப்படி நடந்தது? என் உயிரை எடுத்துக்கொள், அவனுடைய உயிரைத் தா. இது அவளது வாதம்.

சம்பாபதி சொல்கின்ற பதில் மிகக் கூர்மையானது. உயிருக்கு உயிர் கொடுத்து மீட்க முடியுமென்றால், அரசர்களுக்காகத் தங்கள் உயிரைத் தர ஆட்கள் இல்லாமலா போனார்கள்? அப்படியிருந்தும் இந்தச் சுடுகாட்டிலே அரசர்களுக்குக் கட்டிய ஆயிரம் கோட்டங்கள் நிற்கின்றனவே என்கின்றது தெய்வம். அவள் அதையும் ஏற்கவில்லை. பிறகு எல்லாத் தேவர்களும் நேரில் வந்து, எங்களாலும் முடியாது என்று சொன்ன பின்னர்தான் மகனை ஈமத்திலே வைக்கின்றாள். அங்கே அயல் வீட்டுப் பெண்கள் செய்த வேலையை இங்கே தேவர்கள் செய்கின்றார்கள். சாத்தனாருடைய கோதமை வாதாடுகின்றாள், தெய்வத்தையே கூண்டிலே ஏற்றுகின்றாள். அந்த வகையில் இவளே எனக்குக் கொஞ்சம் நெருக்கமானவள். ஆனால் ஆறுதல் என்று பார்த்தால், ஆயிரம் தேவர்களைவிட அடுத்த வீட்டுக்காரி மேல் என்றே தோன்றுகின்றது.

இதுவரை எழுதியது வகுப்பிலே எழுதியிருந்தால் நல்ல புள்ளி கிடைத்திருக்கக்கூடியது. இனி எழுதப்போவதற்கு எந்த வகுப்பிலும் புள்ளி இல்லை.

சில வருடங்களுக்கு முன்னர் வன்னியில் ஒரு பொதுநோக்கு மண்டபத்திலே பெண்களுக்கான கூட்டம் ஒன்று நடந்தது. உளவளத்துணைக்காக வந்திருந்த இளைஞர் ஒருவர் இந்தக் கிசா கோதமி கதையைச் சொன்னார். நன்றாகவே சொன்னார், குரலிலே உண்மையான இரக்கம் இருந்தது. சொல்லி முடித்ததும் பின்வரிசையில் இருந்த ஒரு பெரியம்மா எழுந்தார். 2009 வைகாசியில் வட்டுவாகலில் வைத்துத் தன் மகனைத் தன் கையாலேயே கையளித்துவிட்டு இன்றுவரை தேடிக்கொண்டிருப்பவர்.

"தம்பி, கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா அவவின்ர கையில பிள்ளையின்ர உடம்பெண்டாலும் இருந்தது. என்ர கையில என்ன ராசா இருக்கு?"

மண்டபத்திலே ஒருவரும் பேசவில்லை. அந்தத் தம்பியும் பதில் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தது நல்லது என்றே நினைக்கின்றேன்.

அன்று இரவு நான் கதையைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். பெரியம்மா சொன்னது எந்த விமர்சன நூலும் சொல்லாதது. அந்தக் கதையின் முழுப் பாரமும் ஒரு உடலின் மேலே நிற்கின்றது. உடல் இருப்பதால்தான் ஊருக்கு அது சாவு என்று தெரிகின்றது. உடல் இருப்பதால்தான் சாவு விழாத வீடு என்ற நிபந்தனைக்கு அர்த்தம் வருகின்றது. உடலைச் சுடுகாட்டிலே இறக்கி வைக்க முடிவதால்தான் கதை முடிகின்றது. மணிமேகலையின் கோதமைக்கும் அப்படியே. உடலை எடுத்துவிட்டுப் பாருங்கள், இரண்டு கதைகளும் நடக்க முடியாமல் நின்றுவிடும். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் தாய் எந்த வாசலில் நின்று என்ன கேட்பது? அவளிடம் கடுகுக் கதையைச் சொல்வது, உன் பிள்ளை இறந்துவிட்டான் என்று முதலில் ஒத்துக்கொள் என்று சொல்வதற்குச் சமமாகின்றது. மரணச் சான்றிதழையும் நட்டஈட்டையும் நீட்டியபோது வேண்டாம் என்று மறுத்த தாய்மாரை நாம் அறிவோம். 2017 மாசி மாதத்தில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் கொட்டில் போட்டு இருந்து போராடத் தொடங்கியவர்கள் கேட்டதும் சான்றிதழ் அல்ல, பதில்.

கடுகுக் கதையைப் பன்சாலைகளில் கேட்டு வளர்ந்த தெற்கிலும் 1987 முதல் 1990 வரையான காலத்திலே பிள்ளைகளைப் பறிகொடுத்து, உடலைக் காணாத தாய்மார் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். யாழ்ப்பாணத்திலே 1984இல் அன்னையர் முன்னணி உருவானது. அதே பெயரோடு தெற்கிலே 1990இல் தாய்மார் கூடினார்கள். அவர்களிலே எத்தனை பேர் அந்தப் பெரியம்மாவைப் போலவே மனதுக்குள் கேட்டிருப்பார்கள்!

அப்படியானால் இவர்களுக்கு உதவக்கூடிய கதை எது என்று நான் தேடினேன். எமது காப்பியங்களிலே இல்லாத ஒன்று கிரேக்க ஒடிசியிலே கிடைத்தது. ஹோமர் பாடியதாகச் சொல்லப்படும் பழைய காப்பியம் அது. போருக்குப் போன ஒடிசியஸ் இருபது வருடங்களாக வரவில்லை. பத்து வருடம் போர், பத்து வருடம் வழி. மனைவி பெனலோப்பிக்கு அவன் உயிரோடு இருக்கின்றானா இல்லையா என்று தெரியாது. வீட்டிலே நூற்றுக்கு மேற்பட்ட ஆண்கள் வந்து குந்தியிருந்து, அவன் இறந்துவிட்டான், எங்களில் ஒருவனைக் கட்டிக்கொள் என்று நெருக்குகின்றார்கள். அவள் மாமனாருக்காக ஒரு சவத்துணி நெய்து முடித்த பின் சொல்கின்றேன் என்கின்றாள். பகலிலே நெய்கின்றாள், இரவிலே அவிழ்க்கின்றாள். மூன்று வருடங்கள் இப்படி ஏய்க்கின்றாள்.

இதைப் பலரும் அறிவார்கள். அதே காப்பியத்திலே அதிகம் பேசப்படாத ஒரு இடம் இருக்கின்றது. பதினான்காவது பகுதியிலே பன்றி மேய்க்கும் கிழவன் ஒருவன் சொல்கின்றான். ஊர் ஊராகத் திரிபவர்கள் வந்து, உன் புருஷனை அங்கே கண்டேன், இங்கே கண்டேன் என்று பொய் சொல்லி, அவளிடம் சாப்பாடும் உடுப்பும் வாங்கிக்கொண்டு போகின்றார்கள், அவளும் ஒவ்வொருவரையும் இருத்தி விசாரித்து அழுகின்றாள் என்று. இதை வாசித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. உங்கள் மகனை இன்ன முகாமிலே கண்டோம், இவ்வளவு காசு தந்தால் கதைக்க ஒழுங்கு செய்வோம் என்று வந்தவர்களிடம் தாலிக்கொடியைக் கழற்றிக் கொடுத்த பெண்கள் எமது ஊர்களிலே இருக்கின்றார்கள். இரண்டாயிரத்து எழுநூறு வருடங்கள் அளவுக்குப் பழைய ஒரு பாட்டுக்காரனுக்கு இது தெரிந்திருக்கின்றது! ஒடிசியஸ் கடைசியில் வந்து நிற்கும்போதும் அவள் உடனே நம்புவதில்லை. கட்டிலைப் பற்றி ஒரு சோதனை வைத்த பிறகுதான் நம்புகின்றாள். அவளைக் கல்மனம் என்று மகனே ஏசுகின்றான். ஏமாந்து ஏமாந்து பழகியவளுக்கு வேறென்ன வழி?

ஆனாலும் இந்தக் கதையையும் நான் அந்தப் பெரியம்மாவிடம் கொண்டுபோகத் தயங்குகின்றேன். காரணம், ஒடிசியஸ் உயிரோடு ஒரு தீவிலே இருக்கின்றான் என்பதை ஹோமர் கேட்பவர்களுக்குத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகின்றார். பெனலோப்பிக்கு மட்டும்தான் தெரியாது. பெரியம்மாவின் கதையிலே அவருக்கும் தெரியாது, கேட்கும் எங்களுக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் வாய் திறக்கவில்லை. அப்படியான கதைக்கு எந்தக் காப்பியத்திலும் அமைப்பு இல்லை.

ஒரு கதைக்குத் தொடக்கம், நடு, முடிவு இருக்க வேண்டும் என்று அரிஸ்டோட்டில் எழுதியதை நாங்கள் மனனம் செய்கின்றோம். எமது பெண்களிடம் இந்தக் கதையை எத்தனை தரம் கேட்டுவிட்டார்கள்! 2010இல் ஒரு ஆணைக்குழு, 2013இல் இன்னொன்று, 2018இல் இயங்கத் தொடங்கிய காணாமற்போனோர் அலுவலகம். ஒவ்வொரு இடத்திலும் ஒரு படிவம். பெயர், அடையாள அட்டை இலக்கம், காணாமற்போன திகதி, இடம். படிவம் திகதியிலே தொடங்குகின்றது. தாய்மார் அப்படித் தொடங்குவதில்லை. "அண்டைக்கு விடிய அவனுக்குப் புட்டு அவிக்க மா இருக்கேல்லை" என்று தொடங்குகின்றார்கள். "அந்த நீலச் சேட்டுத்தான் போட்டிருந்தவன், மற்றது ஈரம்" என்கின்றார்கள். எழுதிக்கொள்பவர், அம்மா, அது தேவையில்லை, திகதியைச் சொல்லுங்கோ என்கின்றார்.

கதை படிக்கும் மாணவியாக நான் உறுதியாகச் சொல்வேன், அது தேவை. புட்டும் நீலச் சேட்டும்தான் அந்தப் பிள்ளையை ஒரு இலக்கத்திலிருந்து மீட்டு ஒரு ஆளாக நிறுத்துகின்றன. கடுகு இல்லாவிட்டால் கிசா கோதமியை யாருக்கு ஞாபகம் இருக்கும்? அதற்கு இன்னொரு பயனும் உண்டு. பின்னொரு காலத்திலே யாராவது ஒரு இடத்தைத் தோண்டும்போது, எலும்போடு கிடக்கின்ற சேட்டுத் துண்டின் நிறத்தைச் சொல்லக்கூடியவர்கள் அந்தத் தாய்மார் மட்டும்தான். மன்னாரில் 2018இலும் கொக்குத்தொடுவாயில் 2023இலும் புதைகுழிகளைத் தோண்டியபோது உடைமைகளையும் துணிகளையும் பார்க்கத் தாய்மார் துடித்தது அதனாலேதான்.

பெரியம்மாவிடம் பிறகு இரண்டு தடவை போயிருக்கின்றேன். கடைசியாகப் போனபோது பேத்திக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். அதே கோதமி கதை. ஆனால் அவருடைய கோதமியின் கையிலே உடல் இல்லை. அவள் கடுகு கேட்டு ஒவ்வொரு வீடாகப் போகின்றாள். வாசலுக்கு வாசல், "கடுகு கிடக்கட்டும், என்ர பிள்ளையைக் கண்டனீங்களோ?" என்று கேட்கின்றாள். ஒவ்வொரு வீட்டுக்காரியும், "நானும் அதைத்தான் தேடுறன், பொறு வாறன்" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டு அவளோடு கூட நடக்கத் தொடங்குகின்றாள். பேத்தி, "பிறகு?" என்று கேட்டாள். "பிறகென்ன, போய்க்கொண்டு இருக்கினம்" என்றார் பெரியம்மா.

உங்கள் ஊரிலே இந்தக் கதையை எப்படிச் சொல்கின்றார்கள்? அம்மம்மா, அப்பம்மா சொன்னபடியே, பேச்சுத் தமிழிலேயே எழுதி ஆசிரியருக்கு அனுப்பி வையுங்கள். எழுத முடியாதவர்கள் பிள்ளைகளைக் கொண்டு எழுதுவியுங்கள். புட்டையும் சேட்டையும் விட்டுவிடாதீர்கள்.