செருப்பு எங்கே கடிக்கிறது?

புதுச் செருப்பு வாங்கியவர்களுக்கெல்லாம் ஓர் உண்மை தெரியும். தைத்தவர் எவ்வளவு கைதேர்ந்தவராயினும், அது எந்த விரலைக் கடிக்கிறது என்று அவரால் சொல்ல முடியாது. போட்டு நடந்தவர்தான் சொல்லவேண்டும். சரி செய்வதற்கு மட்டும் தைத்தவரிடமே போகவேண்டும். இந்த அற்ப விஷயத்தைக் கொண்டு ஜனநாயகத்துக்கே நியாயம் சொன்னார் ஒரு தத்துவ ஆசிரியர் என்றால் நேயர்கள் நம்புவார்களோ, என்னவோ!

அவர்தான் அமெரிக்காவில் 1859-ம் வருஷம் பிறந்த ஜான் டூயி. அவருடைய தத்துவத்துக்குப் 'பிராக்மாடிஸம்' என்று பெயர். பெயர்தான் பயமுறுத்துகிறது. ஒரு கொள்கை சரியா, பிசகா என்பதை அதைக் கைக்கொள்வதால் விளையும் பலனைக் கொண்டே அறியவேண்டும் என்பது அதன் சாரம்.

1922-ல் வால்டர் லிப்மன் என்னும் பத்திரிகாசிரியர் ஒரு புத்தகம் எழுதினார். உலக விவகாரங்கள் சிக்கலாகிவிட்டன. சாதாரண மனிதன் அவற்றை நேரில் காண்பதில்லை, மனத்தில் எழுதிக்கொண்ட சித்திரத்தையே காண்கிறான். ஆகையால் ஆராய்ந்து சொல்ல நிபுணர்கள் வேண்டும் என்று வாதித்தார். வாதம் லேசானதல்ல, டூயியே அதை மெச்சினார். ஆனால், 1927-ல் தாம் எழுதிய நூலில் செருப்பை எடுத்துக் காட்டினார். சட்டம் என்பதும் ஒரு பரீட்சைதான். அதன் கீழ் வாழ்கிறவர்கள் வாய் திறக்காவிட்டால் பரீட்சையின் முடிவு யாருக்குத் தெரியும்? பிரஜைகளைக் கலந்துகொள்வது அவர்களுக்குச் செய்யும் உபசாரமல்ல. அது இல்லாமல் நிபுணருக்கே வேலை ஓடாது. ஓட்டுப் போடுவதோடு காரியம் முடிவதுமில்லை. அக்கம்பக்கத்தார் முகம் பார்த்துப் பேசவேண்டும் என்றார் டூயி.

நம் திண்ணைகளைக் கண்டிருந்தால் அவர் மகிழ்ந்திருப்பார். எல்லாரையும் உட்காரவிட்ட திண்ணைகள் அல்ல அவை என்று தெரிந்திருந்தால்?

தெரிவிக்கக் கூடியவர் ஒருவர் அவர் வகுப்பிலேயே இருந்தார். 1913-ல் கொலம்பியா சர்வகலாசாலைக்குப் படிக்கப் போன அம்பேத்கர், தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்டவர்களில் பிறந்தவர். அந்த ஜனங்கள் மேல் ஜாதியார் தெருவில் செருப்புப் போட்டு நடக்கவே பல ஊர்களில் தடை இருந்தது. கடிப்பதைப் பற்றிப் பேச்சு ஏது? ஜனநாயகம் வெறும் அரசாங்க முறையல்ல, கூடி வாழும் முறை என்று அவர் 1936-ல் ஜாதி ஒழிப்பைப் பற்றி எழுதியபோது, டூயி தம் ஆசிரியர் என்பதை மறவாமல் குறிப்பிட்டார்.

1952 ஜூனில் கொலம்பியா அளித்த கௌரவப் பட்டத்தைப் பெற அம்பேத்கர் நியூயார்க் போனார். டூயி காலமாகிச் சில நாட்களே ஆகியிருந்தன.